‘வீட்டில் யார்’ என்று ஒரு கட்டம்

நாம் எதைச் சொன்னாலும் நம்பி எழுதிக்கொள்கிற ஒரு பெண்ணை என் அறுபத்திரண்டாவது வயதில் பார்த்தேன். ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் உடம்பு கனத்துப்போனவர்களை எலும்பு டாக்டர் அந்த அறைக்கு அனுப்புவார். சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்காரர்கள் டயட்டீஷியன் என்றார்கள். எங்களுக்கு டயட் பாப்பா. முப்பது வயது இருக்கும். எங்கள் பக்கத்தில் முப்பது வயதுப் பெண்ணையும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

அதன் பேச்சைக் கேட்டாலே இந்தப் பக்கத்துப் பெண் இல்லை என்று தெரியும். தெற்கே கடலோரத்து ஊர் ஏதோ. ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசியில் கொஞ்சம் இழுத்து விடும். என்னை அப்பா என்று கூப்பிட்டது. வயதானவர்கள் எல்லாரையுமே அம்மா, அப்பா என்றுதான் கூப்பிட்டது. ஆனாலும் என்னைக் கூப்பிட்டபோது என்னை மட்டும் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

மேசையில் நீளமான நோட்டு ஒன்று இருக்கும். பென்சிலால் கோடு போட்டு நான்கு கட்டம் பிரித்திருக்கும். நேரம், என்ன, எவ்வளவு, வீட்டில் யார். அந்தக் கடைசிக் கட்டம் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை.

"காலையில எழுந்ததும் என்ன குடிப்பீங்கப்பா?"

"டீ."

"சீனி?"

"ரெண்டு ஸ்பூனு."

"அந்நேரம் வீட்டுல யாரு இருப்பாங்க?"

"யாரும் இல்ல பாப்பா."

எழுதிக்கொண்டது. எட்டு மணிக்கு நாலு இட்லி, வீட்டில் யாரும் இல்லை. பதினோரு மணிக்கு மிக்சர் ஒரு கிண்ணம், யாரும் இல்லை. மத்தியானம் சோறு, யாரும் இல்லை. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரே பையன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை, அங்கேயே குடித்தனம். உத்தனப்பள்ளி வீட்டில் நான் மட்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே வரை அதே இரண்டு வார்த்தையை இன்னொருவர் கையெழுத்தில் பார்த்தபோது கண்ணை நோட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

கேள்வி சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தபோதுதான் அந்தக் கட்டம் மாறியது.

"ரோட்டோரம் பேக்கரிக்குப் போவன். டீ ரெண்டு. வர்க்கி நாலு. தேங்கா பன்னு ஒண்ணு. சில நாளு பப்ஸும் உண்டு."

"அங்க யாரு இருப்பாங்க?"

"பத்துப் பேரு இருப்பாங்க. ஷிப்டு முடிஞ்சி வர்ற பசங்க, தக்காளி ஏத்த வர்ற ஆளுங்க. பேசிக்கினு இருப்போம்."

‘பத்துப் பேர்’ என்று எழுதியது. பேக்கரிக்குப் போகாதே என்று சொல்லப்போகிறது என்று நினைத்தேன். பையன் அதைத்தான் போனில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். பாப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு, "பேக்கரிக்குப் போறத விட்றாதீங்கப்பா. சீனி போடாம ஒரு டீ மட்டும் வாங்கிட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்கார்ந்திருங்க" என்றது.

என் முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூரில் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பிரஸ் மெஷின் முன்னால் நின்றவன் நான். இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. வலதுகால் ரொம்ப மோசம். குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். ஒரு நாள் விடியற்காலையில் விழுந்துவிட்டேன். பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை ஈரத்திலேயே கிடந்தேன். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு கிடந்தேன். பையனுக்கு அதைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. யாரையும் எதையும் பிடிக்காமல் என் வீட்டுக்குள் நானே நடக்க வேண்டும்.

நூற்றி நான்கு கிலோ இருந்தேன். தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே வந்தால் தேதி கொடுக்கிறேன் என்று டாக்டர் சொன்னார். கனத்த உடம்பில் மயக்க மருந்தும் கஷ்டம், புண் ஆறுவதும் கஷ்டம், வைக்கிற மூட்டும் சீக்கிரம் தேயும் என்று படம் போட்டுக் காட்டினார். நல்ல மனுஷன்தான். ஆனால் வெளியே எப்போதும் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவருக்கு நம் வாயைப் பார்க்க நேரம் இருக்காது, காலைத்தான் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ஓசூர் போவேன். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் எனக்கு ஒரு சிநேகம் கிடைத்தது. பாகலூர் பக்கத்து அம்மா ஒருத்தி. இடுப்பு மூட்டு மாற்றக் காத்திருந்தவள். பாதிக் கன்னடம், பாதித் தமிழ். அவளும் பாப்பாவிடம் பொய் சொல்லிப் பார்த்தவள்தான்.

"ஓட்ஸு மட்டும் திந்தேன்னு சொன்னேன்ரீ. நம்பி எழுதிக்கிச்சு. மெஷின் மேல ஏறினா ஒண்ணரைக் கிலோ ஜாஸ்தி. அப்பவும் ஒண்ணும் கேக்கலை. இதுவே என் மருமகளா இருந்தா ஊரக் கூட்டியிருப்பா. திட்டினா நானும் ரெண்டு திட்டிட்டு மறந்துடுவேன். இது திட்டாம எழுதுதே, அதுதான் கஷ்டம்."

"இப்ப நெசம் சொல்றியா?"

"சொல்றேன். ஹோளிகெ, அதான் உங்க போளி, மூணு திந்தேன்னு சொன்னேன். அதையும் எழுதிக்கிச்சு. பூர்ணம் தேங்காயா பருப்பான்னு கேட்டுச்சு."

அதுதான் அந்தப் பெண்ணின் குணம். யாரையும் குறுக்கு விசாரணை செய்யாது. நம் வாயிலிருந்து வந்ததுக்கு ஒரு மரியாதை வைத்திருந்தது. எனக்குத் தெரிந்து அப்படி யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்டதில்லை. பையன் கேட்கிறான், ஆனால் கேட்கும்போதே பதிலையும் அவனே சொல்லிவிடுவான்.

ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டபோது களி என்றேன். பாப்பாவுக்கு ராகிக் களி பழக்கமில்லை. எவ்வளவு என்றது. ஓர் உருண்டை என்றேன். எவ்வளவு பெரிய உருண்டை என்றது. கையைக் குவித்துக் காட்டினேன். "கையை வச்சு எப்படிப்பா எழுதுறது? அடுத்த வாரம் வரும்போது ஒண்ணு கொண்டாங்க" என்றது.

விளையாட்டுக்குச் சொல்கிறது என்று நினைக்காமல் நானும் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் களி கிண்டி, உருட்டி, தூக்குவாளியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாப்பா அதை எடைபோடும் தட்டில் வைத்தது. அறுநூறு கிராம் காட்டியது. பெஞ்சில் இருந்த பாகலூர் அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்ரீ, இது சாப்பிடவா, வீட்டுக்கு அஸ்திவாரம் போடவா?" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பாப்பா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றது.

"மெல்லக் கூடாது பாப்பா. முழுங்கணும்."

"உப்பே இல்லியேப்பா."

"களிக்கு உப்பு போட மாட்டாங்க. கொழம்புல இருக்குமில்ல."

சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதியது. எட்டிப் பார்த்தேன். ‘அறுநூறு கிராம். உப்பு இல்லை. மெல்லக் கூடாது.’

களியை விடச் சொல்லவில்லை. உருண்டையைப் பாதியாக்கி, அவரைக்கொட்டைக் குழம்பை இரண்டு பங்காக ஊற்றிக்கொள்ளச் சொன்னது. தினமும் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், மத்தியானம் சோற்றைவிடக் கீரையும் பருப்பும் அதிகம். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்க வேண்டும். கோவில் பிரசாதத்தைப் பற்றி மட்டும் நான் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"சாமி பிரசாதத்த வேணான்னு சொல்ல மாட்டன் பாப்பா. அது பாவம்."

"நானும் சொல்ல மாட்டேன்ப்பா. எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். கிருத்திகையன்று சர்க்கரைப் பொங்கல் இரண்டு தொன்னை. அதற்கடுத்த கிருத்திகைக்கு, பாப்பாவிடம் சொல்ல வேண்டுமே என்று நினைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு விரல் நுனி அளவு எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்தேன். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. நல்ல வேகம்தான், இதே மாதிரி போகட்டும் என்றது பாப்பா. எனக்குத்தான் போதவில்லை. பையனுடைய கம்பெனியை வருஷக் கடைசியில் பத்து நாள் மூடுவார்கள். மெஷின்களைப் பழுது பார்க்கிற நேரம். அந்தப் பத்து நாள்தான் அவனுக்குச் சேர்ந்தாற்போல் லீவு. அதற்குள் ஆபரேஷன் ஆனால் அவன் கூட இருப்பான். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் யார் இருப்பார்கள், வீட்டுக்கு வந்தால் யார் தூக்கி உட்கார வைப்பார்கள்? ஏழு வாரம் இருந்தது. இன்னும் ஏழு கிலோவுக்கு மேல் இறங்க வேண்டும்.

அதனால் முருகனுக்கு ஒரு மண்டலம் விரதம் எடுத்தேன். நாற்பத்தெட்டு நாள். காலையில் ஒரு டம்ளர் பால். பொழுது சாய்ந்து விளக்கேற்றிய பிறகு ஒரு கைப்பிடி சோறும் மோரும். நடுவில் துளசித் தண்ணீர். விரதத்தில் முட்டை தொட முடியுமா? தொடவில்லை. பருப்புக் குழம்பும் இல்லை. பேக்கரிப் பக்கமும் போகவில்லை.

பாப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று தடுத்திருக்கும், அது எனக்குத் தெரியும். என் மனசுக்கு நான் சொல்லிக்கொண்ட நியாயம் வேறு. சாமிக்கு இருக்கிற விரதத்தை ஆஸ்பத்திரி நோட்டில் எதற்கு எழுத வேண்டும், அது எனக்கும் அவனுக்கும் நடுவில் உள்ளது என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டு முட்டையும் சாப்பிடுதீங்கல்லப்பா?"

"சாப்புடறன் பாப்பா."

"தயிர்?"

"ஒரு கிண்ணம்."

எழுதிக்கொண்டது. ஏழு செவ்வாய்க்கிழமை நான் சொன்ன ஏழு பொய்யையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டது. எடை மளமளவென்று இறங்கியது. அதன் முகம் மட்டும் தெளியவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லும். முன்பெல்லாம் ஏழு தடவை எழுவேன். இப்போது நாலுக்கு மேல் முடியவில்லை. தன் இரண்டு விரலை நீட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னது. பிடித்தேன்.

"ரொம்ப வேகமா இறங்குதேப்பா."

"முருகன் எறக்கறான் பாப்பா."

"ரத்தம் ஒரு தடவை பாத்துருவோமா?"

"ஆப்ரேசனுக்கு முன்னாடி எப்படியும் எடுப்பாங்க இல்ல. ஒரே தடவையா எடுத்துக்கலாம்."

நோட்டை மூடாமல் வைத்துக்கொண்டு, "வேற எதுவும் சொல்லணுமாப்பா?" என்றது.

"ஒண்ணும் இல்ல."

விரதம் முடிந்த மறுநாள் தொண்ணூறு கிலோ. டாக்டர் தட்டிக்கொடுத்துத் தேதி கொடுத்தார். பையன் பெங்களூரிலிருந்து பையோடு வந்து இறங்கினான். ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது.

"ரத்தமும் இல்ல, புரதச் சத்தும் இல்ல. இத வச்சுக்கிட்டுக் கத்தி வச்சா தையல் போட்ட இடம் ஆறாது. சீழ் புடிச்சா வச்ச மூட்டையே கழட்டணும். இப்ப முடியாதுங்க."

பாப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அது நோட்டோடு வந்து கதவருகில் நின்றது.

"என்னங்க டயட் குடுத்தீங்க? எடைய எறக்கச் சொன்னா ஆளையே பட்டினி போட்டிருக்கீங்க."

என் பையனுக்குப் பொறுக்கவில்லை. பத்து நாள் லீவும் போய்விட்டதே என்கிற ஆத்திரம் வேறு. "வயசான மனுசன் மேடம். தனியா கெடக்கறாரு. ஏன்னு கேக்க ஆளில்லன்னுதானே இப்படிப் பண்ணீங்க? படிச்சிட்டுத்தான் வந்தீங்களா?" என்றான்.

நோட்டு அதன் கையிலேயே இருந்தது. திறந்து காட்டியிருந்தால் போதும். ஏழு வாரமும் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், பருப்பு, எல்லாம் நான் சொன்ன வார்த்தை. பாப்பா என்னை ஒரு தடவை பார்த்தது. நான் டாக்டர் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் இனி எப்போதும் ஆபரேஷன் கிடையாது, சொன்ன பேச்சு கேட்காத ஆள் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம். அந்த ஈரத் தரை என் கண் முன்னால் வந்தது.

"நான் இன்னும் கவனிச்சிருக்கணும் சார்" என்றது பாப்பா. அவ்வளவுதான் சொன்னது.

பையன் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். நான் விபூதி இட்டுக்கொள்ளப் போனால் முருகன் படத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. விரதம் இருந்தும் பலன் இல்லையே என்கிற வருத்தம் இல்லை அது. அவன் பேரைச் சொல்லிக்கொண்டே ஒரு பெண்ணைத் தலைகுனிய வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பாப்பா நின்றுகொண்டிருந்தது. ராயக்கோட்டை பஸ்ஸில் வந்து, பேக்கரியில் வழி கேட்டு நடந்து வந்திருக்கிறது. கையில் ஒரு முட்டை அட்டை.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்ப்பா" என்றது.

உள்ளே வரச் சொன்னேன். சமையலறைக்கு வந்து பாத்திரங்களைப் பார்த்தது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தது. பிறகு சாமி அலமாரிப் பக்கம் போய்க் கும்பிட்டது. பக்கத்தில் தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களைப் பின்னூசி குத்தி வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் மஞ்சளால் வேல் போட்டிருந்தேன். விரதம் இருந்த நாற்பத்தெட்டு நாள். பாப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தது. நான் அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மண்டலம் முடிஞ்சிருச்சாப்பா?"

"முடிஞ்சிட்டுது."

"அப்ப இனிமே சாப்பிடலாம்ல."

கோபமாகவும் சொல்லவில்லை, இரக்கமாகவும் சொல்லவில்லை. நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரிச் சொன்னது. அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முட்டையை வேக வைத்தேன். கீரை இருந்தது, கடைந்தேன். பாதி உருண்டைக் களி எனக்கு, கால் உருண்டை அதற்கு. இரண்டு தட்டு வைத்தபோது இரண்டாவது தட்டை எங்கே வைப்பது என்றே மறந்துபோயிருந்தது. பாப்பா இந்தத் தடவை மெல்லாமல் விழுங்கப் பார்த்துத் தொண்டையில் மாட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. போகும்போது நோட்டை எடுத்து நேரம், என்ன, எவ்வளவு என்று எழுதியது. கடைசிக் கட்டத்தில் என்ன எழுதியது என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சரியாக ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"தட்டு வச்சாச்சாப்பா?"

"வெச்சிட்டன் பாப்பா."

"நானும் டப்பாவத் திறந்துட்டேன். சாப்பிடுவோம்."

போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அந்தப் பக்கம் ஸ்பூன் டப்பாவில் படுகிற சத்தம் கேட்டது. பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் வந்தது. ஒரு மணிக்கு முன்னால் நான் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். என்ன சாப்பிட்டேன் என்று நானே சொல்லுவேன். பொய் சொல்லத் தோன்றவே இல்லை. மாங்காய்க் காலம் வந்தபோது, கிருஷ்ணகிரியில் இருக்கிற என் மச்சான் ஒரு கூடை அனுப்பியிருந்தார். மூன்று பழம் தின்றுவிட்டேன் என்றேன். "என்ன பழம்ப்பா, செந்தூராவா?" என்று கேட்டு எழுதிக்கொண்டது.

ஒரே ஒரு தடவை, "உனுக்கு என்னா சாப்பாடு பாப்பா?" என்று கேட்டேன்.

"எலுமிச்சம்பழச் சாதம்ப்பா."

"நேத்து?"

"அதுதான்."

"யாரு செய்யறாங்க?"

"மெஸ்ஸுலப்பா. காலையிலேயே கட்டிக் குடுத்துருவாங்க."

சாப்பாட்டைப் பற்றியே நாளெல்லாம் பேசுகிற பெண், மாடிப்படிக்குக் கீழே ஆறிப்போன சாதத்தை ஒரு கிழவன் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டது. அது எனக்காகக் கூப்பிடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் அந்த ஒரு மணி வேண்டியிருந்ததோ என்னவோ. அப்போது தோன்றவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். என் கவனம் தட்டின் மேல் இருந்தது.

ஐந்து மாதம் ஆயிற்று. எண்பத்தெட்டு கிலோ, சீட்டில் ரத்தமும் சத்தும் சரியாக வந்தன. வலதுகாலுக்கு ஆபரேஷன் நடந்தது. பையனுக்கு மூன்று நாள்தான் லீவு கிடைத்தது. அதற்கப்புறம் பாகலூர் அம்மா, இடுப்பு மாற்றி நன்றாக நடக்கிறவள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாறு என்று சொல்லி ரசம் கொண்டுவந்து கொடுத்து, "எழுந்துருங்க மகராஜரே, வாக்கரைப் பிடிங்க" என்று அதட்டிவிட்டுப் போனாள். பாப்பா காலையும் சாயங்காலமும் வந்து கட்டில் பக்கத்தில் நின்று, தட்டில் மீதி இருக்கிறதா என்று பார்க்கும். டாக்டரும் அங்கேயே வருவார். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்த நேரம் எத்தனையோ இருந்தது. இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். இன்னொரு கால் பாக்கி இருக்கிறதே என்றும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் வரை ஒரு மணிக்குப் போன் வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை வரவில்லை. வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். செவ்வாயும் வரவில்லை. நானே கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் முதலில் தமிழிலும் அப்புறம் ஆங்கிலத்திலும் சொன்னது.

காலைக் காட்டப் போனபோது மாடிப்படி அறை பூட்டியிருந்தது. நர்ஸ் ஒருத்தியைக் கேட்டேன். "வேலைய விட்டுட்டாங்க ஐயா. ஊருக்குப் போயிட்டாங்கன்னு ஒருத்தர் சொல்றாங்க. பெங்களூருல வேற எடம்னு ஒருத்தர் சொல்றாங்க. அந்தப் பழைய பிரச்சனையிலிருந்தே மேல இருக்கறவங்களுக்கு அவங்க மேல ஒரு இதுதான்" என்றாள். எந்தப் பிரச்சனை என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் என் காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"சார், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான் விரதம் இருந்தன். சாப்புடறன்னு பொய் சொன்னன். அது எழுதி வெச்சிருந்தது எல்லாம் என் பொய்யி."

அவர் கை நின்றது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க."

"பயம் சார். ஆப்ரேசன் இல்லன்னுடுவீங்கன்னு."

"அவங்களும் சொல்லலையே" என்றார். பிறகு, "அந்த நோட்ட நானாவது வாங்கிப் பாத்திருக்கணும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே அடுத்த ஆளின் பேரைக் கூப்பிட்டார்கள். "இன்னொரு தடவ மடக்குங்க" என்றார். மடக்கினேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நான் சொன்னது போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போகவில்லை. மனுஷரிடம் முடியாததை முருகனிடம்தான் சொல்ல வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் முருகன் கோவிலுக்கு நடந்தே போனேன். வாக்கர் இல்லை, கம்பும் இல்லை. தேங்காய் பழம் வாங்கி அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். குருக்கள் என்னை அறிந்தவர்தான்.

"வழக்கம்போல உங்க பேருக்குத்தானே?"

"இல்ல சாமி. ஒரு பொண்ணு பேருக்கு. அது நல்லா இருக்கணும்."

"பேரு சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். அதன் பேர் எனக்குத் தெரியாது. பாப்பாவின் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பேர் இருந்திருக்கும். நான் ஒரு நாளும் படித்ததில்லை. என் போனிலும் டயட் பாப்பா என்றுதான் இருந்தது.

"நட்சத்திரமாவது?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"தெக்க எங்கியோ."

குருக்கள் தட்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"உங்களுக்கு என்ன வேணும் அவங்க? சொந்தமா?"

"எங்கூட மத்தியானம் சாப்புட்ட பொண்ணு சாமி" என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ. "சரி, சாமி பேருக்கே பண்ணிடறேன், அவனுக்குத் தெரியும் யாருன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பக்கத்தில் சாய்ந்துகொள்ளத் தூண் இருந்தது. வயதானவர்களுக்கு ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். அர்ச்சனை முடிகிற வரைக்கும் நான் எதையும் பிடிக்காமல் நின்றேன்.